குண்டிக்காயின் மதகுகளும் பேய் பிடித்த குழந்தையும்

(ஒரு வாசகசாலைக் கூட்டத்தில் செய்யப்பட்ட சொற்பொழிவு)



இன்று நாம் பேசப் போகிற விஷயம் உங்களில் பலருக்கு விநோதமாகத் தோன்றலாம். ஜாதி ஒழிப்பைப் பற்றியோ, புராணங்களைப் பற்றியோ பேசுவோம் என்று எதிர்பார்த்து வந்திருப்பீர்கள். ஆனால் நாம் பேசப் போவது மனிதனுடைய குண்டிக்காயைப் பற்றியாகும். அதிலும், அக்குண்டிக்காயின் செல்களில் பொட்டாசியம் என்னும் உப்புச் சத்து போய்வருகிற வாசல்களைப் பற்றியும், அவ்வாசல்களை நடத்தி வைக்கிற சின்னஞ்சிறு துணைப் புரதங்களைப் பற்றியுமாகும். "இதற்கும் சுயமரியாதைக்கும் என்ன சம்பந்தம்?" என்று கேட்பீர்களானால், சம்பந்தம் இருக்கிறதா இல்லையா என்பதைக் கடைசியில் நீங்களே முடிவு செய்து கொள்ளுங்கள். நாம் சொல்லிவிட்டோம் என்பதற்காக எதையும் நம்பிவிட வேண்டாம்.

உடம்பிலும் ஜாதி

தோழர்களே! நம் வைதீகர்கள் உடம்புக்குள்ளும் ஜாதி வைத்தவர்கள். முகத்தில் பிறந்தவன் உயர்ந்தவன், காலில் பிறந்தவன் தாழ்ந்தவன் என்று சொல்லுவதற்குப் புருஷசூக்தத்தை ஆதாரம் காட்டுகிறவர்கள். அப்படியானால் மூத்திரத்தை உண்டாக்குகிற குண்டிக்காய்க்கு என்ன மரியாதை கொடுப்பார்கள்? மனிதனுடைய மூத்திரம் தீட்டு. மாட்டினுடைய மூத்திரமோ பஞ்சகவ்வியத்தில் சேர்ந்து பாவத்தைப் போக்குகிற பண்டம்! இந்த அறிவு இருக்கட்டும். குண்டிக்காய் உண்மையில் செய்கிற வேலை என்ன என்று பார்ப்போம். மூத்திரத்தை உண்டாக்குவது அதன் வேலையில் ஒரு சிறு பங்குதான். பெரிய வேலை, போகக் கூடாததை மீட்டுக் கொண்டு வருவதேயாகும்.

ஒவ்வொரு குண்டிக்காயிலும் சுமார் 10 லட்சம் நுண்குழல்கள் இருக்கின்றன. நமது இரத்தத்திலுள்ள தெளிநீர் ஏறக்குறைய 3 லிட்டர். அதை இக்குழல்கள் ஒரு நாளைக்குச் சுமார் 60 தடவை வடிகட்டுகின்றன. அதாவது வடிகட்டப்படுகிற நீர் ஒரு நாளைக்குச் சுமார் 180 லிட்டர். ஆனால் மூத்திரமாக வெளியே போவது ஒன்றரை லிட்டர் அளவுதான். வடிகட்டின நீரோடு 160 கிராமுக்குக் குறையாத சர்க்கரையும் குழலுக்குள் போய்விடுகிறது. சுகமாயிருக்கிற மனிதனுடைய மூத்திரத்திலோ சர்க்கரை அநேகமாய் இருப்பதே இல்லை. அவ்வளவும் திரும்ப இரத்தத்துக்கே வந்து சேர்ந்துவிடுகிறது. இந்த மீட்பு வேலை நின்று போனால், எந்த மோட்ச லோகத்தைப் பற்றியும் பேச நமக்கு அவகாசம் இருக்காது.

வாசலும் அதன் சல்லடையும்

இந்த மீட்பு எப்படி நடக்கிறது? குழலின் சுவர் முழுவதும் செல்களால் ஆனது. செல்லைச் சுற்றியிருக்கிற சவ்வு கொழுப்பாலானது. கொழுப்பின் வழியாக உப்புச் சத்துகள் ஊடுருவ முடியாது. ஆகையால் ஒவ்வொன்றுக்கும் தனி வாசல் உண்டு. அவ்வாசல்கள் புரதங்களால் ஆனவை. செல்லுக்குள் பொட்டாசியம் ஒரு லிட்டருக்குச் சுமார் 140 மில்லிமோல். வெளியே இரத்தத்திலோ சுமார் 4தான். உள்ளே முப்பது மடங்குக்கு மேல் அதிகம் என்று ஏற்படுகிறது. எனவே பொட்டாசிய வாசல் திறந்தால் அது வெளியேறப் பார்க்கும். அது நேர்மின்சாரம் உடைய பொருளானதால், வெளியேறுகிற போது செல்லின் உட்பக்கத்தில் எதிர்மின்சாரம் மிஞ்சும். இந்த எதிர்மின்சாரம்தான் குழலிலுள்ள சோடியத்தையும், அதோடு கூடச் சர்க்கரையையும் செல்லுக்குள் இழுக்கிற சக்திகளில் ஒன்றாகும்.

இந்த வாசலில் ஓர் அதிசயம் உண்டு. சோடியம் பொட்டாசியத்தைவிடச் சிறியது. சிறியது நுழைய முடியாத சந்தில் பெரியது நுழைகிறது என்றால் நம்புவீர்களா? ஆனால் இங்கே அப்படித்தான் நடக்கிறது. பதினாயிரம் பொட்டாசியம் போகும் போது ஒரு சோடியம் நழுவினால் பெரிது. இதற்குக் காரணத்தை 1998-ல் ராடரிக் மக்கின்னன் என்பவரும் அவருடைய கூட்டாளிகளும் ஒரு மண்கிருமியின் வாசலைப் படமெடுத்துக் காட்டினார்கள். வாசலின் சல்லடையில் ஆக்சிஜன் அணுக்கள் பொட்டாசியத்தின் உருவத்துக்குச் சரியான தூரத்தில் நிற்கின்றன. தண்ணீரைக் களைந்துவிட்டு வருகிற பொட்டாசியத்தை அவை தாங்கிக் கொள்கின்றன. சிறிதான சோடியத்தைத் தாங்க அவற்றுக்கு எட்டுவதில்லை. இதற்காக 2003-ல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. அந்த மண்கிருமியின் சல்லடையும் நம் குண்டிக்காயிலுள்ள சல்லடையும் ஏறக்குறைய ஒரே அமைப்புதான் என்பதைக் கவனத்தில் வையுங்கள். பின்னால் அது உதவும்.

மதகும் நீர்பாய்ச்சியும்

நிற்க. வாசல் மாத்திரம் இருந்தால் போதுமா? ஏரியிலே மதகு இருக்கிறது. எப்பொழுது திறப்பது, எவ்வளவு திறப்பது, எப்பொழுது மூடுவது என்பதை மதகா முடிவு செய்கிறது? நீர்பாய்ச்சி அல்லவா பார்த்துக் கொள்ளுகிறான்? அறுவடையானவுடன் மாலையும் பரிவட்டமும் மிராசுதாருக்குப் போயிற்று. இராத்திரி இடுப்பளவுத் தண்ணீரில் நின்றவன் களத்து மேட்டில் கைகட்டி நின்றான். அதைப் போலவே பொட்டாசிய வாசல்களுக்கும் பக்கத்தில் ஒட்டிக் கொண்டு அவற்றை நடத்துகிற துணைப் புரதங்கள் உண்டு. நீர்பாய்ச்சிக்குப் புத்தி உண்டு. புரதத்துக்குப் புத்தி கிடையாது. அதற்கு இருப்பதெல்லாம் உருவமும் மின்சாரமும்தான். அந்த உருவத்தாலேயே அது வாசலின் நடத்தையை மாற்றி விடுகிறது என்பதுதான் விஷயம்.

இந்தத் துணையைக் கண்டுபிடித்த கதை கேட்கத் தகுந்தது. 1988-ல் ஜப்பானில் டக்குமி, ஓக்குபோ, நாகானிஷி என்ற மூவர், எலியின் குண்டிக்காயிலிருந்து எடுத்த ஒரு மரபுச் செய்தியை ஆப்பிரிக்கத் தவளையின் முட்டைக்குள் செலுத்திப் பார்த்தார்கள். முட்டையில் மிக மெதுவாக எழும்புகிற ஒரு பொட்டாசிய ஓட்டம் தோன்றிற்று. அச்செய்தியால் உண்டான புரதம் 130 கண்ணிகள் மாத்திரமே உள்ள ஒரு துண்டு. மற்ற வாசல்களெல்லாம் அதைவிடப் பல மடங்கு பெரியவை. ஆனாலும் ஓட்டம் தோன்றினதால், இதுவே மிகச் சிறிய பொட்டாசிய வாசல் என்று பலர் எண்ணி, அந்தக் கருத்துப்படவே 'மின்-கே' என்று பெயரும் வைத்துவிட்டார்கள். 'இவ்வளவு சிறியது எப்படி வாசலாக முடியும்?' என்று சிலருக்கு ஆரம்ப முதலே ஐயம் இருந்தது.

1996-ல் உண்மை வெளிப்பட்டது. பிரான்சில் ஒரு கூட்டத்தாரும், அமெரிக்காவில் ஒரு கூட்டத்தாரும், ஒரே பத்திரிகையின் ஒரே இதழில், மின்-கே வாசல் அல்ல, வேறொரு பெரிய வாசலுக்குத் துணை என்று காட்டினார்கள். அப்பெரிய வாசலுக்கு இப்பொழுது கே.சி.என்.க்யூ.1 என்று பெயர். நாம் சுருக்கமாகக் க்யூ வாசல் என்று சொல்லிக் கொள்ளுவோம். தவளை முட்டையில் அந்த வாசல் ஏற்கனவே இருந்திருக்கிறது! குண்டிக்காயிலிருந்து வந்த துணை போய்ச் சேர்ந்தவுடன் தவளையின் வாசல் நடத்தை மாறி, அந்த ஓட்டம் தோன்றியிருக்கிறது. துணை இல்லாவிட்டால் க்யூ வாசல் சீக்கிரம் திறந்து சிறிய ஓட்டத்தைக் கொடுக்கும். துணை சேர்ந்தாலோ மெதுவாகத் திறக்கும். ஆனால் ஓட்டம் பல மடங்கு பெரிதாகும்.

தோழர்களே! இதில் எட்டு வருஷ காலம் அறிஞர்கள் பலர் தப்பாக எண்ணியிருந்தார்கள் என்பதை நாம் ஒளிக்கவில்லை. ஒளிக்க வேண்டிய அவசியமும் இல்லை. தப்பு என்று காட்டினவர்களை யாராவது ஜாதிப் பிரஷ்டம் செய்தார்களா? 'முன்னோர் வாக்கை மறுத்தான்' என்று சொல்லி நாக்கை அறுத்தார்களா? சோதனை செய்து பார்த்தார்கள். சரியென்று கண்டதும் ஒப்புக் கொண்டார்கள். ஆயிரக்கணக்கான வருஷங்களாக ஒரு எழுத்துக்கூடத் திருத்தப்படாதது என்று பெருமை பேசுகிறார்களே, அந்தப் பெருமைக்கும் எட்டு வருஷத்தில் திருத்திக் கொண்ட இந்த நாணயத்துக்கும் எது மேலானது என்று யோசித்துப் பாருங்கள்.

குண்டிக்காயில் துணை செய்யும் வேலை

குண்டிக்காயின் நுண்குழலில் முதற்பகுதியிலேதான் சர்க்கரையும் உப்பும் பெரும் பகுதி மீட்கப்படுகின்றன. சர்க்கரையைச் செல்லுக்குள் கொண்டு வருகிற வாகனம் சோடியத்தையும் கூடவே ஏற்றிக் கொண்டு வரும். சோடியம் நேர்மின்சாரம் உடையது. அது உள்ளே வர வர, முன்னே சொன்ன எதிர்மின்சாரம் குறைந்து கொண்டே போகும். குறைந்தால் மேலும் இழுக்கிற சக்தி போய்விடும். அச்சமயத்தில் பொட்டாசியம் வெளியேறினால்தான் மின்சாரம் பழைய நிலைக்கு வந்து வேலை தொடரும். மின்-கே துணை அந்த இடத்தில்தான் உட்கார்ந்திருக்கிறது. இத்துணை இல்லாமல் வளர்க்கப்பட்ட எலிகளை 2001-ல் சோதித்துப் பார்த்தபோது, அவற்றின் மூத்திரத்தில் நீரும், உப்பும், சர்க்கரையும் இருக்க வேண்டியதைவிட அதிகமாகப் போவதைக் கண்டார்கள்.

இன்னொரு வேடிக்கை பாருங்கள். மின்-கேயின் பங்காளிகள் சில உண்டு. அதே க்யூ வாசலோடு குடலிலே வேறு பங்காளி சேருகிறது. இரைப்பையிலே மற்றொன்று சேருகிறது. அவ்விடங்களில் வாசல் மூடாமலே திறந்து கிடக்கிறது. இரைப்பையில் புளிப்பு நீர் சுரக்கவும், குடலில் உப்பு நீர் சுரக்கவும் அது உதவுகிறது. வாசல் ஒன்றேதான்; துணை மாறினால் தொழில் மாறுகிறது. பிறப்பினாலேயே ஒவ்வொருவனுக்கும் ஒரே தொழில் என்று சொல்லுகிறவர்கள் இதைப் பார்க்கட்டும். ஆனால் ஒன்று சொல்லிவிடுகிறோம். குடலில் இப்படி இருக்கிறது என்பதற்காக நாட்டிலும் இப்படி இருக்க வேண்டும் என்று நாம் வாதாட மாட்டோம். உடம்பைக் காட்டி ஜாதியை ஸ்தாபித்தவர்களுடைய வேலை அது. சமத்துவம் வேண்டுமென்பதற்கு நம் அறிவும் மானமுமே போதுமான ஆதாரம்.

குண்டிக்காயில் வேறு பொட்டாசிய வாசல்களும் உண்டு. குழலின் கடைசிப் பகுதியில், உடம்பில் மிஞ்சின பொட்டாசியத்தை வெளியே தள்ளுகிற ரோம்-கே என்ற வாசல் இருக்கிறது. அதை 1993-ல் கண்டுபிடித்தார்கள். அதை அடக்கி வைக்கிறவற்றில் ஒன்று டபிள்யூ.என்.கே.4 என்னும் புரதம். சில குடும்பங்களில் தலைமுறை தலைமுறையாக இரத்தத்தில் பொட்டாசியமும், இரத்த அழுத்தமும் ஏறி நிற்கும் வியாதி இருந்து வந்தது. இதற்குக் காரணம் அந்தப் புரத வகையிலுள்ள பிசகு என்று 2001-ல் தெரிந்தது. இந்தப் புரதம் ரோம்-கே வாசலை மூடுவதோடு நிற்பதில்லை, செல்லின் மேற்பரப்பிலிருந்து பிடுங்கி உள்ளே இழுத்துக் கொண்டு போய்விடுகிறது என்று 2003-ல் தெரிந்தது. இவ்வியாதிக்கு மருந்து என்ன தெரியுமா? தயசைடு என்னும் மிக மலிவான மூத்திர மாத்திரை. பரம்பரைச் சாபம் என்று எண்ணி எத்தனை கோவில்களுக்கு நடந்திருப்பார்களோ, நாம் அறியோம்!

பெரிய மதகு என்று சொல்லத்தக்க மற்றொரு வாசலும் அங்கே உண்டு. குழலில் நீர் வேகமாக ஓடும்போது அது திறந்து பொட்டாசியத்தை வெளியேற்றும். ஒரு வகைச் செல்லில் அதற்குப் பீட்டா-1 என்ற துணையும், பக்கத்துச் செல்லில் பீட்டா-4 என்ற துணையும் இருக்கின்றன. பீட்டா-1 இல்லாத எலிகளுக்கு இரத்த அழுத்தம் ஏறிற்று. பொட்டாசியத்தை வெளியேற்றுகிற சக்தியும் குறைந்தது. பொட்டாசியம் இரத்தத்தில் அளவுக்கு மேல் ஏறினால் இருதயமே நின்றுவிடும். இளநீர் நல்லதுதான், ஆனால் அதில் பொட்டாசியம் நிறைய உண்டு. குண்டிக்காய் கெட்டுப் போனவருக்கு, 'சூட்டைத் தணிக்கும்' என்று வைத்தியரைக் கேளாமல் இளநீரை வெட்டி வெட்டிக் கொடுப்பது ஆபத்தாகும்.

பேய் பிடித்த குழந்தை

இப்பொழுது நாம் முக்கியமாகச் சொல்ல வந்த விஷயத்துக்கு வருகிறோம். எலியின் குண்டிக்காயில் அகப்பட்ட அந்தச் சிறு துணை, மனிதனிடத்தில் குண்டிக்காயில் மாத்திரம் இல்லை. காதிலும் இருதயத்திலும்கூட இருக்கிறது. காதுக்குள் இருக்கிற ஒருவித நீரில் பொட்டாசியம் நிறைந்திருந்தால்தான் ஓசை கேட்கும். அதை நிறைப்பது க்யூ வாசலும் மின்-கேயும் சேர்ந்துதான். இருதயத்தில், ஒவ்வொரு துடிப்புக்கும் பிறகு மின்சாரத்தை அடக்கி அடுத்த துடிப்புக்குத் தயார் செய்வதிலும் இந்த ஜோடிக்குப் பங்குண்டு. பயமோ, ஓட்டமோ, கோபமோ வந்து இருதயம் வேகமாகத் துடிக்கிற வேளையில்தான் இதன் உதவி அதிகமாக வேண்டியிருக்கிறது.

இந்த ஜோடி பிறவியிலேயே பழுதாயிருந்தால் என்ன ஆகும்? குழந்தை செவிடாகப் பிறக்கும். பயந்தால் மயங்கி விழும். ஒரு நாள் விழுந்தது எழுந்திராமலே போகலாம். 1856-ல் ஜெர்மனியில் மெய்ஸ்னர் என்ற வைத்தியர் ஒரு சம்பவத்தை எழுதி வைத்தார். செவிட்டூமைப் பள்ளியில் ஒரு பெண் குழந்தையைத் தலைவர் கண்டித்தபோது அது அங்கேயே விழுந்து இறந்து போயிற்று. பெற்றோரிடம் சொன்னபோது அவர்கள் ஆச்சரியப்படவில்லை. அவர்களுடைய வேறு இரு பிள்ளைகள் முன்னமே, ஒன்று பயத்திலும் ஒன்று கோபத்திலும், அவ்வாறே இறந்திருந்தனவாம். 1957-ல் நார்வேயில் ஜெர்வெல், லாங்கே-நீல்சன் என்ற இரு வைத்தியர்கள் ஒரு குடும்பத்தைப் பரிசோதித்தார்கள். ஆறு பிள்ளைகளில் நான்கு செவிடு. அந்நான்கில் மூன்று சிறு வயதிலேயே திடீரென இறந்து போயின. இருதய மின்சாரத்தைக் கோடாக எழுதிக் காட்டும் ஈ.சி.ஜி. கருவியில் அப்பிள்ளைகளுடைய கோடு நீண்டு காணப்பட்டது. ஏன் நீண்டது என்பது அன்று அவர்களுக்குத் தெரியாது. 1997-ல்தான் தெரிந்தது. இவ்வியாதியுள்ளவர்களில் பெரும்பாலோருக்குக் க்யூ வாசலிலும், சுமார் பத்தில் ஒருவருக்கு மின்-கேயிலும் பழுது இருக்கிறது.

தோழர்களே! இதே குழந்தை நம் ஊரில் பிறந்தால் என்ன செய்வோம்? செவிடாய்ப் பிறந்தது முன் ஜன்மப் பாவம் என்போம். பயந்து விழுந்தால் பேய் பிடித்தது என்போம். மந்திரவாதியைக் கூப்பிடுவோம். அவன் வேப்பிலையால் அடிப்பான். மிளகாய்ப் புகை போடுவான். மயிரைப் பிடித்து ஆட்டுவான். அந்தக் குழந்தைக்கு உடுக்கைச் சத்தம் கேட்காது. அடியும் பயமும் மாத்திரம் நன்றாய்த் தெரியும். எந்தப் பயத்தை அதன் இருதயம் தாங்காதோ, அந்தப் பயத்தையே தட்சணை கொடுத்து வரவழைத்துக் கொடுக்கிறோம். விழுந்து செத்தால், 'பேய் உயிரையும் கொண்டு போய்விட்டது' என்று அவன் கையைக் கழுவிவிட்டுப் போவான். உயிரைக் கொண்டு போனது பேயா, நம் அறியாமையா?

செய்ய வேண்டியதோ மிகச் சுலபம். செவிடாய்ப் பிறந்த குழந்தை பயத்திலோ ஓட்டத்திலோ ஒரு தரமாவது மயங்கி விழுந்திருந்தால், உடனே ஆஸ்பத்திரியில் ஈ.சி.ஜி. எடுத்துப் பாருங்கள். கூடப் பிறந்தவர்களுக்கும் எடுத்துப் பாருங்கள். செவிட்டுக் குழந்தைகளில் மிகச் சிலருக்கே இவ்வியாதி இருக்கும். ஆகையால் வீணாகத் திகிலடைய வேண்டாம். இருந்தாலோ, பயத்தின் வேகத்தை இருதயத்தில் தணிக்கிற மாத்திரைகள் உண்டு. வேண்டியவருக்கு மார்பில் பொருத்துகிற மின்கருவி உண்டு. காதுக்கும் கருவி வைத்துக் கேட்க வைக்க முடியும். பெற்றோர் இருவரிடத்திலும் பழுதான மரபுக் கூறு ஒவ்வொன்று இருந்தால், ஒவ்வொரு பிரசவத்திலும் நாலில் ஒரு பங்கு இவ்வியாதி வரக்கூடும். இரத்த சம்பந்தமுள்ளவர்கள் மணந்தால் ஒரே பழுது இருவரிடத்திலும் இருப்பதற்கு இடம் அதிகம். அக்காள் மகள், மாமன் மகள் என்று 'உரிமை' கொண்டாடுகிறவர்கள், ஜாதிக்குள்ளும் சொத்துக்குள்ளும் பெண்ணைக் கட்டிப் போடுகிற இவ்வழக்கத்தின் விலையைக் குழந்தை கொடுக்கிறது என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

அமைத்தவன் யார்?

'இவ்வளவு நுட்பமாய் அமைந்திருக்கிறதே, அமைத்தவன் ஒருவன் வேண்டாமா?' என்று சிலர் கேட்பார்கள். நல்ல வாசலை அமைத்தவன் ஒருவன் என்றால், அந்தச் செவிட்டுக் குழந்தையின் பழுதான வாசலை அமைத்தவன் யார்? நல்லதற்கு மாத்திரம் பெயர் வாங்கிக் கொண்டு, கெட்டதற்குக் குழந்தையின் முன் ஜன்மத்தைக் காட்டுகிறவனை, மனிதனாயிருந்தால் நாம் யோக்கியன் என்று சொல்லுவோமா? மண்கிருமியிடமும் தவளையிடமும் நம்மிடமும் ஒரே மாதிரி வாசல் இருப்பது, எல்லோரும் ஒரே பழைய வம்சத்திலிருந்து சிறிது சிறிதாக மாறி வந்தவர்கள் என்பதற்குச் சாட்சி. மண்கிருமியே நமக்கு உறவு என்றால், முகத்தில் பிறந்தவனும் காலில் பிறந்தவனும் எங்கே இருக்கிறார்கள்? 1954 முதல் ஒருவருடைய குண்டிக்காயை மற்றொருவருக்கு வைத்துப் பிழைக்கச் செய்து வருகிறார்கள். இரத்த வகை பார்க்கிறார்கள். திசுப் பொருத்தம் பார்க்கிறார்கள். கோத்திரம் கேட்ட குண்டிக்காய் ஒன்றைக்கூட நாம் கேள்விப்பட்டதில்லை.

ஆகவே தோழர்களே! நாம் கேட்டுக் கொள்வதெல்லாம் ஒன்றுதான். உங்கள் தெருவில் பேய் பிடித்ததாகச் சொல்லப்படுகிற ஒரு குழந்தை இருந்தால், இன்று இரவே அவ்வீட்டுக்குப் போய், மந்திரவாதிக்கு எடுத்து வைத்திருக்கிற பணத்தை ஆஸ்பத்திரிக்குப் போகிற வண்டிக் கூலியாக மாற்றிக் கொடுங்கள். அந்த வேலையை நீங்கள் ஒருவராவது செய்வீர்களானால், நாம் இவ்வளவு நேரம் பேசினதற்கும், நீங்கள் பொறுமையாய்க் கேட்டதற்கும் அதுவே போதுமான பலன் என்று சொல்லி, இத்துடன் முடித்துக் கொள்ளுகிறோம்.